சென்னைக் கம்பெனியா, பாளையங்கோட்டையில் தனிக்கடையா?

சுற்றுச்சூழல் அறிவியலோ சிவிலோ படித்துவிட்டு, தண்ணீர் மேலாண்மைப் பக்கம் ஆலோசகராகப் போகலாம் என்று நினைக்கிற நெல்லைப் பிள்ளைகளுக்கு உருப்படியான வழி இரண்டுதான். சென்னைக்குப் போய்ச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் கம்பெனியில் சேரலாம். இல்லையென்றால் ஊரிலேயே இருந்துகொண்டு குளம், கால்வாய், ஆலைத் தண்ணீர் என்று தனியாக எடுத்துச் செய்யலாம். முதலாவதில் சில வருடம் இருந்துவிட்டு இரண்டாவதுக்கு வந்தவன் நான். அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாவதாக அரசாங்க வேலை ஒன்று உண்டு. டி.என்.பி.எஸ்.சி. எழுதி நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளர் ஆவது. கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். ஆனால் அது சிவில் படித்தவர்களுக்கு. ஆழ்வார்குறிச்சியில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

சம்பளம், வாடகை, வீட்டுச் சாப்பாடு இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கம்பெனியில் மாதம் பிறந்தால் பணம் விழும். தனியாக இருந்தால் பில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

கம்பெனி பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அனுமதி தேவைப்படும் திட்டங்களுக்கான அறிக்கையைத் தனி ஆள் போட முடியாது. இந்தியத் தரக் கவுன்சிலின் நாபெட் வாரிய அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் போட வேண்டும். அதற்குள்ளே நீர் மாசு, நீரியல் மற்றும் நிலத்தடி நீர் என்று துறைவாரியாக நிபுணர்கள். அந்த வரிசையில் உங்கள் பெயர் வர வேண்டுமென்றால் கம்பெனிக்குத்தான் போயாக வேண்டும். மதிப்பீட்டுக் குழு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்வது, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கோபத்தோடு எழுந்திருப்பவருக்குப் புரியும்படி பேசுவது, எந்த எண்ணுக்கு எந்த ஆதாரம் வைப்பது என்ற ஒழுங்கு, எல்லாம் அங்கேதான் கற்றேன். இரண்டு மூன்று வருடம் அந்தப் பயிற்சி இல்லாமல் நேராகக் கடை போட்டுவிடாதீர்கள். கூலி கொடுப்பவர் திட்டக்காரர் என்ற சங்கடம் அங்கே உண்டு. தனியாக வந்தாலும் கூலி யாராவது ஒருவர்தான் கொடுக்கிறார், அதனால் அதை ரொம்பப் பெரிதுபடுத்த மாட்டேன்.

என்னை ஊருக்கு இழுத்தது வேறு காரணம். ஒரே இடத்தில் எத்தனை மழை பார்க்கிறோம் என்பதுதான் அது.

அறிக்கைக்கான அடிப்படைத் தரவு பெரும்பாலும் ஒரு பருவத்துக்குத்தான், அதுவும் மழைக்காலம் நீங்கலாக. திட்ட இடத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர். நான் இருந்த இடத்தில் மார்ச்சிலிருந்து மே வரை எடுப்பதுதான் வழக்கம். கிணற்றில் ஒரு மாதிரி, ஆற்றில் ஒரு மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பினால் அந்த ஊரோடு பேச்சு முடிந்தது. அடுத்தது ஆந்திராவோ ஒடிசாவோ. தரவில் பொய் ஒன்றும் கிடையாது. ஆனால் தண்ணீரைப் பற்றி எழுத வந்தவன் தண்ணீர் ஓடாத மாதத்தில் மட்டும் வந்துவிட்டுப் போகிறான்.

பருவத்தைப் பிரிக்கும் அழகு இன்னொன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழைக்குப் பிந்தைய காலம் என்று அட்டவணையில் இருக்கும். மானூரிலோ ராதாபுரத்திலோ போய் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். அங்கே மழை என்றாலே ஐப்பசி, கார்த்திகைதான். ஆனி ஆடியில் மேற்கே பொதிகையில் பெய்து, பாபநாசம் அணை திறந்து, அம்பாசமுத்திரம் பக்கம் கார் பருவ நெல் நடவு நடந்துகொண்டிருக்கும்போது கிழக்கே மானாவாரிக் குளங்கள் வெடித்துக் கிடக்கும். அடுத்த நெல் பருவமான பிசானத்துக்குத்தான் இரண்டு பக்கமும் ஓரளவு ஒன்றாக நனையும். அப்புறம் 2023 டிசம்பர் மாதிரி ஒரு வருடம் வரும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, குளங்கள் பல உடைந்தன. மூன்று மாதத் தரவை வைத்துக்கொண்டு இதில் எதைச் சொல்ல முடியும்?

நாங்குநேரிப் பக்கம் ஒரு குளத்தை மே மாதம் அளந்தோம். கரை நீளம், பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடையின் அடிமட்டம், குளம் நிரம்பினால் மிகுநீர் வழியும் மறுகாலின் மட்டம் எல்லாம் லெவல் கருவி வைத்துப் பார்த்து, கொள்ளளவு போட்டாயிற்று. மடை பார்க்கிற பெரியவர் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “சார், மறுகால் பாயுதப்ப ஒருக்கா வாங்க. இப்பம் பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும்” என்றார். கார்த்திகையில் போனேன். மறுகால் மேல் முழங்கால் உயரத்துக்கு மணல் மூட்டை. பிசானத்துக்குக் கூடக் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும் என்று குளத்துக்குக் கீழே பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரர்கள் அடுக்குவார்களாம். மேலே உள்பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் பயிர் மூழ்குகிறது என்று ராத்திரியில் வந்து உருவிப் போடுவார்களாம். மறுநாள் காலையில் மறுபடி ஏறும். கோடையில் அங்கே ஒரு சாக்குத்துணிகூடக் கிடக்காது.

என் கொள்ளளவுக் கணக்கு, மிகுநீர்க் கணக்கு, கீழ்க்குளத்துக்கு எவ்வளவு போகும் என்ற கணக்கு எல்லாமே அந்த மூட்டைகளோடு மாறிவிட்டது. எஸ்டிமேட்டில் கரையைப் பலப்படுத்துவது மட்டும் இருந்தது. மறுகாலுக்குப் பலகை போட்டு, எந்த மட்டம் வரை, எந்தத் தேதி வரை என்று இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசியதுதான் கடைசியில் முக்கிய வேலை ஆனது.

இப்படிப் பார்ப்பது ஆசைக்காக இல்லை, பிழைப்புக்கும்தான். நம்ம ஊர்க் குளங்கள் தொடர்ச்சி. ஒரு குளத்து மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. அதனால் ஒன்றில் அளந்தது கீழே நாலு குளத்துக்கு உதவுகிறது. கீழ் ஊர்க்காரர்களே தேடி வருகிறார்கள். கம்பெனியில் எத்தனை அறிக்கை போட்டாலும் அடுத்த அறிக்கைக்குப் பழைய ஃபைலின் அட்டவணைதான் மிஞ்சும், அந்த ஊரைப் பற்றித் தெரிந்தது ஒன்றுக்கும் ஆகாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சரக்கு கோவில்பட்டி தாண்டினால் விலைபோகாது. துபாய்க்கோ டெல்லிக்கோ பயோடேட்டா அனுப்பும் எண்ணம் இருந்தால் கம்பெனிதான் சரி.

பண விஷயத்தில் ஒரு சிக்கல். குளத்து வேலைக்குப் பெரும்பாலும் வருவது கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம், அதாவது சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் பணம். 2013 கம்பெனிகள் சட்டப்படி, நிகர லாபம் 5 கோடி தொட்ட கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். அவர்களுக்கு மார்ச் 31 கணக்கு. நமக்கோ மாசி வரை குளத்தில் தண்ணீர், பிசான அறுவடை முடிந்து சித்திரையில்தான் ஜே.சி.பி. இறங்க முடியும். மார்ச்சுக்குள் முடி என்றால் சேற்றைத்தான் அள்ள வேண்டும். 2021இலிருந்து தொடர் திட்டம் என்று காட்டினால் செலவழியாத தொகையைத் தனிக் கணக்கில் போட்டு மூன்று நிதியாண்டு வரை செலவு செய்ய வழி இருக்கிறது. முன்மொழிவை ஆரம்பத்திலேயே அப்படி எழுதுங்கள். பல கம்பெனி ஆட்களுக்கே நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதுவரை வீட்டுச் செலவுக்கு? அரிசி ஆலைகளுக்கும் மற்ற சின்ன ஆலைகளுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி புதுப்பிக்கும் வேலை. சுவாரசியம் கிடையாது, அடுப்பு எரியும். கழிவுநீரே வெளியேறாத ஆலை அமைப்பு, கடலோரத் திட்டங்கள் இவற்றில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. தூத்துக்குடிப் பக்கம் அந்த வேலைக்குக் கூலி கூட என்று நண்பர்கள் சொல்கிறார்கள், அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாக வருவதென்று முடிவு செய்தால் எடுத்த எடுப்பில் டிரோன் வாங்காதீர்கள், வாடகைக்குக் கிடைக்கிறது. மட்டம் பார்க்கப் பழைய ஆட்டோ லெவல் ஒன்று, அதற்கான அளவுக்கோல் (ஸ்டாஃப்), நல்ல ரப்பர் பூட்ஸ் போதும். ஐப்பசிக்கு முன்னால் வந்துவிடுங்கள்.