மிஷோவா, கைசினா? படிக்க முடியாத எழுத்தின் இரு வழிகள்

பிரெஞ்சில் எழுதிய ஆன்றி மிஷோ, ஆங்கிலத்தில் எழுதிய பிரையன் கைசின் இருவரும் கவிதையும் எழுதினார்கள், ஓவியமும் வரைந்தார்கள். எழுத்துபோலத் தெரிந்து எழுத்தாகாத கோடுகளை இருவருமே தேடினார்கள். போன வழிதான் வேறு.

1950களில் மரபை மீறி எழுதிய அமெரிக்க 'பீட்' தலைமுறைக் கவிஞர்களின் கூட்டாளியான கைசின், இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் ஜப்பானிய மொழி படித்தவர். பிறகு மொராக்கோவின் டான்ஜியரில் அரபு எழுத்தோடு பழகினார். மேலிருந்து கீழிறங்கும் ஜப்பானிய எழுத்தையும் வலமிருந்து இடம் போகும் அரபு எழுத்தையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடவிட்டார், கட்டங்கள் உண்டாயின. பின்னாளில் பெயின்ட் அடிக்கும் உருளையிலேயே கட்டங்களைச் செதுக்கி, மை தடவித் தாளில் உருட்டினார். பிரமிக்க வைக்கும் உழைப்பு. ஆனால் கட்டம் திரும்பத் திரும்ப வரும்போது கையின் பதற்றம் குறைந்துவிடுகிறது.

மிஷோவிடம் அந்தப் பதற்றம்தான் எல்லாமே. 1927லேயே கற்பனை எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதிப் பார்த்தவர் அவர். 1951ல் வந்த 'மூவ்மான்' நூலில் கவிதையோடு பக்கம் பக்கமாகக் கருமை உருவங்கள். ஒன்று தாவுகிறது, ஒன்று சரிகிறது. ஆளா எழுத்தா என்று நாம் முடிவுசெய்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. மெஸ்கலின் என்ற மனமயக்கப் பொருளை உட்கொண்டு வரைந்த 1950களின் படங்களில் கோடு நுணுகி, நடுங்கி, தாளையே அரிக்கிறது.

சொற்களை மாற்றியடுக்கி எழுதும் கவிஞருக்குக் கைசின் உதவுவார். எனக்கு மிஷோதான். அவர் கோட்டில் மூச்சு கேட்கிறது.