மூணு வருஷமா ப்யூப்ரினார்ஃபின்: மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது, ஆனா சரக்கு இன்னும் பக்கத்துலதான் இருக்கு

ஹெராயின் மாதிரி ஓபியாய்டு போதைப் பழக்கத்துலருந்து மீள, நாக்குக்கு அடியில வைக்கிற ப்யூப்ரினார்ஃபின்-நாலாக்சோன் மாத்திரை எடுக்க ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு, புதுசா ஆரம்பிக்கப் போறவங்களுக்கும் பாதியில விட்ரலாமான்னு யோசிக்கிறவங்களுக்கும் சொல்றேன்.

மொத நாள்தான் கஷ்டம். கொட்டாவி, மூக்கொழுகல், வயித்தக் கலக்குறதுன்னு வித்ட்ராயல் (சரக்கு இல்லாம உடம்பு படுற பாடு) நல்லா வந்தப்புறம்தான் மொத டோஸ் போடணும், முன்னாடியே போட்டா மூளைல ஒட்டிட்டு இருக்கிற பழைய சரக்க இது தள்ளி விட்டுட்டு மொத்த வித்ட்ராயலையும் ஒரே நேரத்துல கொண்டு வந்துரும். நான் கடைசியா எடுத்த நேரத்த டாக்டர்கிட்ட மாத்திச் சொல்லிட்டு அன்னைக்கு ராத்திரி பூரா துடிச்சேன், தயவுசெஞ்சு உண்மையச் சொல்லிருங்க.

ரெண்டு வாரத்துல காலைல கண்ண முழிச்சதும் "இன்னைக்கு எங்க கிடைக்கும்"ங்கிற நெனப்பே வரல. அதுக்காகவே இந்த மருந்துக்கு நான் நன்றி சொல்லுவேன். மலச்சிக்கலும் வேர்வையும் இருக்கு, சமாளிக்கலாம். பல்லுதான் முக்கியம், வாயில கரையிற இந்த மருந்து பல்லக் கெடுக்கலாம்னு 2022ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே எச்சரிச்சிருக்கு: மாத்திரை கரைஞ்சதும் தண்ணிய வாயில சுழட்டி முழுங்கிருங்க, ஒரு மணி நேரம் கழிச்சு பல்லு விளக்குங்க. எனக்கு யாரும் சொல்லல, ரெண்டு பல்லு போச்சு.

கிளினிக்ல சிகிச்சை திருப்தியான்னு ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, அஞ்சுக்கு அஞ்சு போட்டேன், மனசாரத்தான். வெளிய வந்தா கேட் பக்கத்துலயே பழைய ஆளு நின்னுகிட்டு "இருக்கு, வேணுமா"ங்கிறான். உன்னச் சுத்தி யாரு இன்னும் எடுக்குறாங்க, எங்க தங்குறன்னு அந்த ஃபார்ம்ல ஒரு கேள்வி கூட இல்ல. ரெண்டாவது வருஷம் நான் சறுக்குனது மருந்து சரியில்லாம இல்ல, பக்கத்து ரூம்ல ஒருத்தன் தினமும் எடுத்துட்டு இருந்ததாலதான். வெளிய அனுப்பிருவாங்களோன்னு பயந்து மூணு வாரம் மறைச்சேன், சொன்னப்போ கவுன்சிலர் திட்டவே இல்ல, மருந்த நிறுத்தவும் இல்ல.

என்கூட ஆரம்பிச்ச ஒருத்தர் குணமாயிட்டோம்னு மாத்திரைய மொத்தமா விட்டுட்டாரு, ரெண்டு மாசம் கழிச்சு பழைய அளவையே எடுத்தாரு, அதத் தாங்குற சக்தி உடம்புல கொறஞ்சு போச்சுன்னு அவருக்குத் தெரியல, போயிட்டாரு. அதுக்கப்புறம்தான் ஓவர்டோஸ்ல மூச்சு நிக்கும்போது காப்பாத்துற நாலாக்சோன் மூக்கு ஸ்ப்ரே வாங்கி வச்சேன், தம்பிக்கும் அடிக்கக் கத்துக் குடுத்தேன். அடிச்சதும் ஆம்புலன்ஸ் கண்டிப்பா கூப்பிடணும், ஸ்ப்ரே வேகம் கொறஞ்சதும் மறுபடி மூச்சு நிக்கலாம்.

இப்போ 8 மில்லிகிராம்ல இருக்கேன். கொறைக்கலாமான்னு போன மாசம் டாக்டர் கேட்டாங்க, மொதல்ல ரூம் மாறிக்கிறேன் டாக்டர், அப்புறம் பேசலாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.