டி.வி. ஸ்டாண்டு எதில் செய்வது? வடசென்னைத் தரைத்தள வீட்டுக்கான ஓர் ஒப்பீடு

இராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பெரிய டி.வி.யைச் சுவரில் மாட்டுவது எல்லோருக்கும் கைகூடுவதில்லை. சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரில் துளை போட்டால் பூச்சு பாளமாக உதிர்கிறது. வாடகை வீடென்றால் துளை போடவே உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஆகவே டி.வி.யையும், ஆம்ப்ளிஃபயர், செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர்களையும் சேர்த்துத் தாங்கும் ஒரு ஸ்டாண்டை நாமே செய்துகொள்வது நல்ல வழி. அதை எந்தப் பொருளில் செய்வது என்பதை, கடற்காற்றும் மழை வெள்ளமும் உள்ள நம் பகுதியை மனத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் கருத்தில், இங்கே ஒரு ஸ்டாண்டின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் மேற்பலகை அல்ல. தரையைத் தொடும் அரையடிதான்.

முதலில் சுமையைக் கணக்கிடுவோம். 55 அங்குல டி.வி. ஏறத்தாழ 4 அடி அகலம் இருக்கும். எடை பெரும்பாலும் 20 கிலோவுக்குள் அடங்கும். இப்போது வரும் பல மாடல்களில் கால்கள் இரண்டு ஓரங்களிலும் இருப்பதால், ஸ்டாண்டின் நீளம் 5 அடியாவது இருப்பது நல்லது. ஏ.வி. ரிசீவர், அதாவது டி.வி.யையும் ஸ்பீக்கர்களையும் இணைக்கும் ஆம்ப்ளிஃபயர், ஏறக்குறைய 17 அங்குல அகலமும் பத்து கிலோ அளவு எடையும் கொண்டது, நன்றாகச் சூடேறும். தரையில் பாய் போட்டு அமர்வோருக்கும் நாற்காலியில் அமர்வோருக்கும் கண்மட்டம் வேறுபடும். நாற்காலிக்குக் கணக்கிட்டால், ஸ்டாண்டின் உயரம் 2 அடிக்குள் இருக்கும்போது திரையின் நடுப்பகுதி கண்ணுக்கு நேராக வருகிறது.

கடைகளில் ஆயத்தமாக விற்கும் ஸ்டாண்டுகளில் பெரும்பாலானவை பார்ட்டிகிள் போர்டு. மரத்துகளைப் பசையுடன் அழுத்திச் செய்த இந்தப் பலகையின் மேல்தோல் பார்க்க அழகாக இருக்கும், விலையும் குறைவு. எங்கள் வீட்டில் இருந்தது அதுதான். 2015 டிசம்பர் மழையில் தரைமேல் நான்கு அங்குலத் தண்ணீர் நின்றது, மறுநாள் வடிந்தும்விட்டது. ஆனால் ஸ்டாண்டின் பக்கப்பலகைகள் அடியில் ரொட்டிபோல் உப்பி, சில வாரங்களில் பொலபொலவென்று உதிர்ந்தன. மேலே எந்தச் சேதமும் இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. மர நாரை நுண்ணியதாக்கிப் பசையுடன் அழுத்திச் செய்த எம்.டி.எஃப். இதைவிட அடர்த்தியானது, பெயிண்டு அடிக்க வழவழப்பாக இருக்கும், வெட்டுவதும் எளிது. எனினும் தண்ணீரில் அதுவும் உப்பும். விளிம்பில் முன்துளை இல்லாமல் ஸ்க்ரூ ஏற்றினால் பிளக்கும். கனமும் அதிகம்: 18 மி.மீ. தடிமனில் 8-க்கு 4 அடிப் பலகை ஒன்று 40 கிலோவை ஒட்டி வரும். மாடி வீட்டில், சுவரோரம் ஈரம் ஏறாத அறையில், எம்.டி.எஃப். போதுமானதுதான். தரைத்தளத்துக்கு இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிளைவுட்டை அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஏமாறுவதும் இங்கேதான். கமர்ஷியல் என்று சொல்லி விற்கப்படும் சாதாரண ரகத்தில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை இருக்கும். அது காற்றின் ஈரத்தைத் தாங்குமே தவிர, தேங்கிய தண்ணீரைத் தாங்காது. மெரைன் ரகம் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசையால் ஒட்டப்பட்டது. அதற்குரிய இந்தியத் தரநிலை ஐ.எஸ். 710. அந்தத் தரநிலையில் பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்து, அடுக்குகள் பிரிகின்றனவா என்று சோதிப்பார்கள். பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 710 என்ற எண் இருக்கிறதா என்று நாமே பார்த்து வாங்க வேண்டும். வாட்டர்ப்ரூஃப் என்று கடையில் சொல்வது மட்டும் போதாது. மெரைன் பலகை என்றாலும் வெட்டிய விளிம்புகள் வழியே தண்ணீர் ஏறும். எனவே மைக்கா ஒட்டும் முன் விளிம்புகளுக்கு, குறிப்பாக அடிவிளிம்புக்கு, இரண்டு பூச்சு வார்னிஷோ பெயிண்டோ கொடுத்துவிட வேண்டும்.

தொய்வைப் பொறுத்தும் பிளைவுட் முன்னே நிற்கிறது. எந்தப் பலகைக்கும் விதி ஒன்றே: நடுவில் ஒரே சுமை இருக்கையில், தாங்கல்களுக்கு இடையிலான நீளம் இருமடங்கானால் தொய்வு எட்டு மடங்காகும், தடிமன் இருமடங்கானால் தொய்வு எட்டில் ஒரு பங்காகும். அதனால்தான் 12 மி.மீ. பலகையைவிட 18 மி.மீ. பலகை மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பாக இருக்கிறது. அதைவிட மலிவான வழி, 5 அடி மேற்பலகைக்கு நடுவில் ஒரு குறுக்குத் தடுப்பு வைப்பது.

மல்டிவுட் என்று இங்கே வழங்கும் பி.வி.சி. பலகை தண்ணீருக்கும் கரையானுக்கும் அஞ்சாது. வியாசர்பாடி, பட்டாளம்போல மழைக்கு மழை தண்ணீர் தேங்கும் பகுதிகளில் சமையலறை அலமாரிக்கு இது நல்ல தேர்வு. டி.வி. ஸ்டாண்டுக்கு மட்டும் தயங்குகிறேன்: இது எளிதில் தொய்யும், மரத்தைப்போல ஸ்க்ரூவை இறுகப் பிடிக்காது.

பழைய தேக்கு என் மனத்துக்கு நெருக்கமானது. மரச்சட்டங்கள்மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளை இடிக்கும்போது அந்தச் சட்டங்கள் வெளியே வருகின்றன. பல பத்தாண்டுகள் காய்ந்த மரம் என்பதால், பச்சை மரத்தைப்போல முறுக்கிக்கொள்ளாது. நல்ல ஆசாரி கையில் கிடைத்தால் அந்த ஸ்டாண்டு பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும். ஆனால் உள்ளே புதைந்திருக்கும் ஆணி ஒன்று இழைப்பு மெஷினின் பிளேடையே உடைத்துவிடும். ஒவ்வொரு அங்குலத்தையும் தடவிப் பார்த்து ஆணி பிடுங்க வேண்டும். அகலமான பலகையும் கிடைப்பது அரிது. சட்டங்களை ஒட்டித்தான் அகலம் சேர்க்க வேண்டும். முதன்முதலாகக் கருவி எடுப்பவருக்கு இது உகந்த வேலை அல்ல.

இரும்புக்கு நம் பகுதியில் குறைவே இல்லை. மண்ணடியும் சாத்தங்காடும் இருக்கும்போது தூரம் போக வேண்டியதில்லை. ஓரங்குலச் சதுரக் குழாய், தகட்டுத் தடிமன் 16 கேஜ், 20 அடி நீளத்தில் ஏழு கிலோ அளவுதான் இருக்கும். ஆனால் அதில் செய்த சட்டகம் இந்தச் சுமையைப்போலப் பல மடங்கைத் தாங்கும். எதிரி உப்புக்காற்று. காசிமேட்டுப் பக்கம் சன்னல் கம்பிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். துரு முதலில் வெல்டிங் இணைப்பில் தொடங்கும்; அடுத்து, திறந்த முனை வழியே குழாயின் உட்புறம். ஆகவே பட்டறையிலேயே இணைப்புகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அன்றைக்கே துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து, முனைகளை ரப்பர் புஷ்ஷால் மூடிவிட வேண்டும். முழு ஸ்டாண்டையும் இரும்பில் செய்தால் பாஸ் ஒலிக்குத் தட்டுகள் அதிர்ந்து சலசலப்பதுண்டு.

இவ்வளவையும் எடைபோட்டு நான் செய்துகொண்டது கலப்பு: 8 அங்குல உயர இரும்புக் கால்சட்டகம், அதன்மேல் மெரைன் பிளைவுட்டில் 16 அங்குல உயரப் பெட்டி. 8-க்கு 4 அடிப் பலகை ஒன்றே போதும். நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தால், ரம்பம் தின்றது போக, 16 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் மூன்று பட்டைகள் கிடைக்கும். ஒன்றில் மேற்பலகையும் இரு பக்கங்களும், அடுத்ததில் அடிப்பலகையும் நடுத்தடுப்பும், மூன்றாவதில் உள்தட்டுகளும் வந்துவிடும். பின்பக்கம் மூடவில்லை, ரிசீவரின் வெப்பம் போகவும், வயர்கள் பின்னால் நீளவும் அது வசதி. ரிசீவரின் தலைக்குமேல் ஒரு சாண் இடம் விட்டிருக்கிறேன். ரிசீவர் இருக்கும் பாதியில் உள்தட்டு வைக்கவில்லை. பவர் ஸ்ட்ரிப்பைத் தரையில் போடாமல் மேற்பலகையின் அடிப்புறத்தில் திருகிவிட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் ஐந்து அங்குலம் தண்ணீர் வந்தது, பெட்டியைத் தொடவில்லை. கால்களை மட்டும் துடைத்து மறுபடி பெயிண்டு அடித்தேன்.

பாஸ் ஒலிக்கான தனி ஸ்பீக்கராகிய சப்ஊஃபரை எந்தப் பொருளில் செய்த ஸ்டாண்டிலும் ஏற்றக் கூடாது. அதன் அதிர்வு திரைக்கும் ரிசீவருக்கும் போகும். அதைத் தனியாக, நான்கு செங்கல்மேல் கிடத்திய ஒரு கடப்பாக்கல் துண்டில் வைத்திருக்கிறேன். கல்லுக்கும் ஊஃபருக்கும் நடுவில் ஒரு பழைய ரப்பர் மேட் இருக்கிறது.