சுற்றுச்சூழல் பொறுப்பு யார் கையில்: எம்.டி.யா, தனி அதிகாரியா, பிளான்ட் ஹெட்டா?

சென்னைக் கம்பெனிகளில் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் மூன்று பேரில் ஒருவர் தலையில் விழும். எம்.டி.யே கையில் எடுப்பார். இல்லாவிட்டால் 'சஸ்டைனபிலிட்டி ஹெட்' என்று ஒருவரைப் போடுவார்கள். அதுவும் இல்லையென்றால் பிளான்ட் ஹெட் பார்த்துக்கொள்வார்.

தனி அதிகாரி கதையை முதலில் முடித்துவிடலாம். பங்குச்சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை தரவேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அதை எழுத ஆள் வேண்டும்தான். ஆனால் கையில் பட்ஜெட் இல்லாதவருக்கு, மற்ற துறைகளிடம் கணக்குக் கேட்டு மெயில் போடுவதிலேயே வருஷம் ஓடிவிடும். சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5-க்கு மரக்கன்று நடுவதும் அவர் பாடு.

எம்.டி. இறங்கினால் வேலை வேகமாக நடக்கும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. டேங்கர் வராவிட்டால் ஆபீஸே இல்லை என்பது மேலிடத்துக்கு அன்று உறைத்தது. மழை பெய்ததும் மறந்துபோவது வேறு விஷயம். பெரிய சிக்கல், பயம்தான். மேலே கோபக்காரர் இருந்தால் கீழே நல்ல கணக்கு மட்டுமே ஏறும். எஸ்.டி.பி. எனும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் லாக் புக்கைப் புரட்டிப் பாருங்கள்: வாரம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். தினமும் 7.2. கரண்டை மிச்சம் பிடிக்க நைட் ஷிப்டில் ஏர் புளோயரை நிறுத்தியிருந்தால், கழிவைத் தின்னும் பாக்டீரியா காற்றில்லாமல் சாகும். அது அந்தப் பக்கத்தில் இருக்காது.

புளோயர் நின்றது பிளான்ட் ஹெட்டுக்குத் தெரியும். அதனால் என் ஓட்டு அவருக்கே. ஆனால் ஒரு நிபந்தனை: அவருடைய போனஸ் உற்பத்தியை மட்டும் பார்த்து முடிவானால், நெருக்கடியில் முதலில் நிற்பது அதே புளோயர்தான். தண்ணீரும் கரண்டும் அவர் மதிப்பீட்டில் சேரவேண்டும். மாதாந்திர உற்பத்தி மீட்டிங்கிலேயே எம்.டி. அந்தக் கணக்கைக் கேட்கவேண்டும்.

பெரிய ஒப்பந்தம் எப்படியும் எம்.டி.யிடம்தான் வரும். கோயம்பேடு, கொடுங்கையூர் ஆலைகளில் சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறது. போர்வெல்லை விட விலை கூடுதல் என்று ஒருவர் ஃபைலை ஓரம் வைப்பார். தண்ணீரில்லாமல் லைன் நிற்கும் நாளின் நஷ்டத்தையும் கூட்டிப் பார்ப்பவர் கையெழுத்துப் போடுவார்.

அம்பத்தூர் எஸ்டேட்டின் சின்னப் பட்டறைகளுக்கு இந்தப் பஞ்சாயத்தே வேண்டாம். ஓனரே எம்.டி., அவரே பர்ச்சேஸ். கம்ப்ரசர் லைனில் காற்று கசிந்தால் கரண்ட் பில் அவர் பையைத்தான் கடிக்கும். சாயங்காலத்துக்குள் ஃபிட்டரைக் கூப்பிட்டுவிடுவார்.