ஆழாக்கா, எடை மிஷினா: கோபுரம் வைத்த உளுந்தின் கணக்கு

எண்ணெயில் சுட்டெடுக்கும் செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு கேட்டுப் பாருங்கள். காரைக்குடியானாலும் தேவகோட்டையானாலும் பதில் இப்படித்தான் வரும்: ஆழாக்கு என்னும் சிறிய அளவுப் பாத்திரத்தில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்துகொள், அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாக வை. கிராம் என்ற பேச்சே கிடையாது. நானும் இருபது வருடம் அப்படித்தான் சுட்டேன். இப்போது எடை மிஷினுக்கு மாறிவிட்டேன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆழாக்கின் பெருமை தெரிந்ததுதான். பேட்டரி வேண்டாம், கைக்கு வேகம். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதால் விசேஷத்துக்குப் பெருக்கிக்கொள்வதும் எளிது. ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் ஊற்றிச் சோறு வைக்க எடை எதற்கு? பாலுக்கும் எண்ணெய்க்கும் அப்படியே.

சிக்கல் அந்தக் கோபுரத்தில்தான். ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டுப் பித்தளை ஆழாக்கு தங்கைக்குப் போய்விட்டது. நான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய சாமான் கடை ஒன்றில் வேறோர் ஆழாக்கு வாங்கி வந்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் இரண்டும் 200 மில்லிதான். ஆனால் அவள் சுட்ட பணியாரம் பஞ்சு, என்னுடையது வறட்டி. அரிசியைக் குறை சொன்னேன், கிரைண்டரைக் குறை சொன்னேன். "ஆச்சி, உங்களுக்குக் கை வரவில்லை" என்று அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்.)

ரோஷத்தில் இரண்டு ஆழாக்கையும் பக்கத்தில் வைத்து எடை போட்டேன். தலைதட்டிய அரிசி இரண்டிலும் 165 கிராம். மேலே குவித்த உளுந்து அவளுடையதில் 39 கிராம், என்னுடையதில் 22! அவள் ஆழாக்கின் வாய் எட்டரை சென்டிமீட்டர் அகலம். என்னுடையது ஏழுதான், ஆனால் உயரம் கூடுதல். தானியம் ஒரு சரிவுக்கு மேல் நிற்காமல் வழிந்துவிடும். வாய் அகன்றால் குவியல் அகலத்தில் மட்டுமல்ல, உயரத்திலும் சேர்ந்தே வளரும். அதனால்தான் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கு உளுந்து ஏறக்குறைய இரு மடங்காகிறது. உளுந்து குறைந்தால் பணியாரம் கெட்டிப்படும், கூடினால் எண்ணெய் குடிக்கும். கையில் ஒன்றும் இல்லை.

இத்தனை மில்லிக்கு இத்தனை கிராம் என்னும் மாற்று அட்டவணைகள் இங்கே உதவாது. அவை தலைதட்டிய அளவுக்கானவை. அதிலும் சலித்த மாவை மெல்லப் போட்டால் ஓர் எடை, தட்டித் தட்டி அமுக்கினால் வேறோர் எடை. வெல்லம் இன்னும் மோசம்; உடைக்காத கட்டி என்றால் பாதிப் பாத்திரம் வெறும் காற்று. எனவே யாருக்கு நன்றாக வருகிறதோ அவரையே, அவருடைய பாத்திரத்தில், அவர் கையால் அளக்கச் சொல்லுங்கள். மூன்று முறை எடை போட்டுச் சராசரியை எழுதிக்கொள்ளுங்கள். அதன்பிறகு எந்தக் கிண்ணமானாலும் கவலையில்லை.

எடை மிஷினிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடவும் முடியாது. என்னுடையது ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. கிராம்பையும் ஏலக்காயையும் எண்ணித்தான் போடுகிறேன். அதிரசத்துக்கு இடித்த ஈர மாவை எடை போட்டால் தண்ணீரையும் சேர்த்தல்லவா போடுகிறோம்? அதனால் ஊறவைக்கும் முன்பே அரிசியை நிறுத்துவிடுகிறேன். ஒரு கிலோவுக்கு முக்கால் கிலோ வெல்லம். இப்படி இரண்டு தீபாவளிக்குத்தான் செய்திருக்கிறேன். அதில் ஒருமுறை எண்ணெயில் பிரிந்துபோனது. பாகுப் பதம் பிசகியிருக்கலாம். எடை சரியாகத்தான் இருந்தது.

165-க்கு 39 என்று தங்கைக்கு எழுதி அனுப்பினேன். அவள் இன்னும் கோபுரம்தான் வைக்கிறாள். ஆயாவின் ஆழாக்கு அவளிடம் இருக்கிறது, அவளுக்கென்ன.