கோழிக்குப் பானைக் கரையானா, பிஎஸ்எஃப் புழுவா?

நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் தீவனச் செலவைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதெல்லாம் இரண்டு கட்சி. ஒன்று பானைக் கரையான். இன்னொன்று பிஎஸ்எஃப், அதாவது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. சோயாப் புண்ணாக்குக்கும் கருவாட்டுத் தூளுக்கும் கொடுக்கும் காசை மிச்சப்படுத்தத்தான் இரண்டுமே.

கரையானுக்கு முதலீடே கிடையாது. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, சோளத்தட்டை என்று கிடைப்பதைத் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றுப் பக்கம் கவிழ்த்து வைத்தால் போதும். விடிந்ததும் குஞ்சுகள் முன்னால் தட்டிவிட வேண்டும்; வெயில் ஏறினால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஆனால் இது வளர்ப்பு அல்ல, வரவழைப்பு. இன்று பானை நிறைய வரும், நாளைக்கு வெறும் சாக்குதான் இருக்கும். இருபது கோழிக்குச் சரி, இருநூறுக்கு எத்தனை பானை கவிழ்ப்பது?

அந்த இடத்தில்தான் பிஎஸ்எஃப் ஜெயிக்கிறது. ஈயின் முட்டை சுமார் 4 நாளில் பொரியும், போடும் கழிவைத் தின்று அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் புழு தயார். முற்றிய புழு கழிவை விட்டுத் தானே மேலேறி வரும். சாய்வாகப் பலகை வைத்தால் வாளியில் வந்து விழும். காய்ந்த புழுவில் ஏறக்குறைய 40% புரதம், 30% கொழுப்பு. கொழுப்பு இவ்வளவு இருப்பதால் இதையே முழுத் தீவனமாக்கக் கூடாது. வளர்ந்த ஈ கடிக்காது, சோற்றில் மொய்க்காது. வீட்டு உரத்தொட்டியில் தடித்த பழுப்புப் புழுவைப் பார்த்துப் பதறியிருந்தால், பெரும்பாலும் அது இதுதான்.

தொல்லை என்னவென்றால், கழிவில் ஈரம் கூடினால் நாற்றம் தெருவைத் தூக்கும். ஈ இணைசேர நல்ல வெளிச்சம் வேண்டும், மப்பான நாட்களில் முட்டை குறையும். கழிவும் தினமும் வந்தாக வேண்டும். அதற்காக ஓட்டல் எச்சிலைக் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிப் புரதத்தை மீன் தீவனத்துக்கு 2017-லும், கோழி, பன்றித் தீவனத்துக்கு 2021-லும் அனுமதித்தது; ஆனால் அந்தப் பூச்சிகளுக்கு ஓட்டல் மிச்சம் கொடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. காய்கறிச் சந்தைக் கழிவு கிடைக்கிறவர்கள் மட்டும் பிஎஸ்எஃப்பில் இறங்கலாம். மற்றவர்களுக்குப் பானையே மேல்.

அப்புறம், மனுசன் வாய்க்கு என்று பார்த்தால் போட்டியே இல்லை. கரையானுக்குச் சிறகு முளைத்தால் ஈசல். மழைக்குப் பின் விளக்கு வைத்துப் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தின்ற வீடுகள் நம் ஊர்களில் நிறைய. பிஎஸ்எஃப் புழுவை வறுத்துக் கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை. இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஈசலிலும் கை வைக்காமல் இருப்பது நல்லது.