மூடிவிட்டுப் பழுதுபார்ப்பதா, ஓட்டிக்கொண்டே பார்ப்பதா?

2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க் சப்வேயின் (நிலத்தடி ரயிலின்) ஆற்றடிச் சுரங்கங்களில் உப்புநீரை நிரப்பியது. தண்ணீரை இறைத்தாயிற்று, உப்பு மட்டும் கேபிள்களையும் கான்கிரீட்டையும் அரித்துக்கொண்டே இருந்தது.

ஆர் என்ற தடத்தின் ரயில் ஓடும் மான்டேக் சுரங்கத்தை 2013 ஆகஸ்டில் அடியோடு மூடி, பக்கத் திண்டுகளை (சுரங்கச் சுவரோரம் கேபிள்களை உள்ளே வைத்துக் கட்டிய கான்கிரீட் மேடைகளை) இடித்து, கேபிள்களை மாற்றி, 2014 செப்டம்பரில் திறந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு தடங்கள் இருந்ததால் பயணிகள் சமாளித்தார்கள்.

எல் ரயிலின் கனார்சி சுரங்கம் அப்படியல்ல. தினமும் சுமார் 2,25,000 பேர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் புரூக்ளினில் இருக்கும் பெட்ஃபோர்ட் அவென்யூக்காரர்கள் மன்ஹாட்டன் போக வேறு நேர் ரயில் இல்லை. இதற்கும் 15 மாத மூடல்தான் திட்டம். 2019 ஜனவரியில், அதாவது கடைசி நேரத்தில், ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோ அதை மாற்றினார் (அதற்குள் வாடகைக்கு வீடு மாறியவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!). பழைய கேபிள்களைத் திண்டுக்குள்ளேயே விட்டுவிட்டு, புதியவற்றைச் சுவரில் தாங்கிகளில் மாட்டினார்கள்; திண்டின் பலவீனமான இடங்களுக்கு நாரிழை பிளாஸ்டிக் உறை. இரவிலும் வார இறுதியிலும் மட்டும் வேலை; அப்போது 20 நிமிடத்துக்கு ஒரு ரயில். 2020 ஏப்ரலில் முடிந்தது.

பயணியாக இருந்தால் இரண்டாவது முறைக்கே என் ஓட்டு. ஆனால் கனார்சியில் இருப்பது ஒட்டுப்போட்ட பழைய திண்டு. மான்டேக்கில் இருப்பது புதுசு.